ஐந்தாம் பாட்டின் கடைசி நாலு நொடி

தேஸ்பூர், அசாம்
3 ஆகஸ்ட் 2025

டீ வாங்கி வருகிறேன் என்று போன பாண்டிமுருகனுக்கு,

ரேணுகா எழுதுகிறேன். திருச்சியில் அந்த மண்டப வாசலில் என்னை நிறுத்திவிட்டு நீ டீ வாங்கப் போய் ஆறரை வருடம் ஆகிறது. டீ இந்நேரம் ஆறியிருக்கும்.

நலம் விசாரிக்க எழுதவில்லை. அன்றைக்கே உன் நம்பரைத் தடுத்து வைத்தவள் நான்தான். இப்போது அதைத் திறந்து "எப்படி இருக்கே" என்று கேட்க வாய் வரவில்லை, அதனால் தபால். உன் மைக்செட் கடை கண்டனூரில் அதே இடத்தில்தான் இருக்கிறது என்பதைப் போனில் வரைபடம் பார்த்துத் தெரிந்துகொண்டேன். 'பாண்டி சவுண்ட்ஸ்' என்ற பலகை 'மீனா ஒலி ஒளி அமைப்பு' என்று மாறியிருக்கிறது. உன் அம்மா மீனம்மாள் அத்தை பெயரைப் போட உனக்கு இப்போதாவது தோன்றியதே.

விஷயத்துக்கு வருகிறேன். நமக்குப் பிடித்த 'காலி வாளி' பாட்டுக் குழுவின் முதல் ஆல்பத்தை மெருகேற்றிப் புதிதாக விட்டிருக்கிறார்கள், கேட்டாயா? 'ரெண்டாங்கட்டு' வந்து பதினைந்து வருடம் ஆகப்போகிறதாம். பழையதைச் செயலிகளிலிருந்து எடுத்துவிட்டார்கள். போன சனிக்கிழமை பள்ளிக்கூடத்திலிருந்து வந்து, குடையை மடக்கி வைத்துவிட்டு, வழக்கம்போல ஐந்தாவது பாட்டைப் போட்டேன். பாட்டு முடிந்தது. கிடார் அடங்கியது. காத்திருந்தேன். ஆறாவது பாட்டு ஆரம்பித்துவிட்டது.

அம்மாவைக் காணோம் பாண்டி.

2011 மே மாதம் அவர்கள் முருகப்பன் செட்டியார் வீட்டில் பன்னிரண்டு நாள் தங்கி, இரண்டாங்கட்டு முற்றத்தில் அந்த ஆல்பத்தைப் பதிவு செய்தபோது, அதற்குப் பின்னால் மூன்றாங்கட்டு அடுப்படியில் அவர்களுக்குச் சமைத்துப் போட்டது என் அம்மா. நான் மதுரை விடுதியில் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தேன், நீ அங்கே ஒயர் சுற்றிக்கொண்டிருந்தாய். ஐந்தாவது பாட்டு அடங்கும்போது ஒரு கட்டு தாண்டி அந்தக் குரல் வரும்: "சோறு ஆறுது, வாரீகளா இல்லையா?" நாலே நொடி. சின்னத்தாயி என்று ஒருத்தி இருந்தாள் என்பதற்கு என்னிடம் மூன்று போட்டோவும் அந்த நாலு நொடியும்தான் இருக்கின்றன.

நான் இங்கே மத்திய அரசுப் பள்ளியில் கணக்கு ஆசிரியை. நாள் முழுக்க இந்தியும் அசாமியும். நம்மூர்ப் பேச்சில் ஒருத்தி என்னைச் சாப்பிடக் கூப்பிடுவது அந்தப் பாட்டு முடியும்போது மட்டும்தான். நீ சிரிப்பாய். சிரித்துக்கொள்.

பழைய சிடி உன்னிடம்தான் இருக்கிறது. அனுப்பி வை. வேறு ஒன்றும் வேண்டாம்.

ரேணுகா


கண்டனூர்
15 ஆகஸ்ட் 2025

ரேணுகாவுக்கு,

கடிதம் வந்தது. தபால்காரர், "என்னப்பா, கையெழுத்துல விலாசம் வந்துருக்கு, பொண்ணு வீட்டுக்காரகளா?" என்று திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தார். டீ விவகாரத்தை உறைக்கு மேலேயே எழுதாமல் விட்டாயே, அந்த மட்டும் நன்றி.

சிடி எங்கே கிடக்கிறது என்று தேட வேண்டும். கடை முழுக்க ஒயரும் பழைய ஆம்ப்ளிஃபயரும்தான். ஆவணி பிறக்கப்போகிறது, முகூர்த்தத்துக்கு முகூர்த்தம் பெட்டி ஏற்றி இறக்கவே ஆள் போதாது. வலையபட்டியில் ஒரு அறுபதாம் கல்யாணம், நாலு நாள் அங்கேயே கிடை. கிடைத்தாலும் அது ஓடுமா என்று சொல்ல முடியாது. கீறல் விழுந்த சிடி.

புதியதைக் கேட்டேன். தொழில்காரனாகச் சொல்கிறேன், நன்றாக இருக்கிறது. டிரம்ஸ் இப்போதுதான் டிரம்ஸ் மாதிரி கேட்கிறது. செம்மலை குரல் முன்னால் வந்திருக்கிறது. அபி வாசிக்கும் பேஸ் கிடார் பழையதில் வயிற்று இரைச்சல் மாதிரி இருக்கும், அது தெளிந்துவிட்டது. எட்டுப் பாட்டும் முழுசாக இருக்கும்போது நாலு நொடிக்காக இவ்வளவு தூரம் போக வேண்டுமா?

நம்பரைத் தடுத்தவள் நீ. இப்போது வேலை இருக்கிறது என்றதும் தபாலில் வருகிறாய். சரி, உன் இஷ்டம்.

நான் நன்றாக இருக்கிறேன். நீ கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். வீட்டில் நான் மட்டும்தான். சமைத்து, கழுவி, கடைக்கு வந்தால் பொழுது போய்விடுகிறது.

பாண்டிமுருகன்


தேஸ்பூர்
28 ஆகஸ்ட் 2025

பாண்டி,

கழுவுகிற மீனில் நழுவுகிற மீன் என்று உன்னைத்தான் சொல்லியிருக்கிறார்கள். சிடி கிடைக்கும், கிடைக்காது, ஓடும், ஓடாது. ஒரு பிளக்கைக்கூட எங்கே வைத்தாய் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்பவன் நீ.

அது என்ன, வீட்டில் நான் மட்டும்தான்? அத்தை எங்கே? சென்னையில் அக்கா வீட்டுக்குப் போய்விட்டாளா?

எட்டுப் பாட்டு முழுசாக இருக்கிறதாம். நமக்கு எப்போது எட்டுப் பாட்டாக இருந்தது அது? ஆல்பம் வந்தபோது நமக்கு இருபத்தொரு வயது. புதுவயல் பஸ்ஸில் ஆளுக்கொரு காதில் மாட்டிக்கொண்டு காரைக்குடி போவதற்குள் ஒரு தரம், வருவதற்குள் ஒரு தரம். அம்மா உயிரோடு இருந்தவரை அந்தக் குரல் யாருடையது என்று நான் யோசித்ததுகூட இல்லை. பாட்டு முடிந்ததும் அடுத்ததைத் தட்டிவிடுவோம். வீட்டுக்குப் போனால் கூப்பிட ஆள் இருந்தது, பாட்டில் எதற்குக் கேட்க வேண்டும்?

அவர்களின் இரண்டாவது ஆல்பம் 'ஞாயிறு மாலை' வந்த மாதம் அம்மா போய்விட்டாள். அதை நான் இன்றுவரை முழுதாகக் கேட்டதில்லை. மூன்றாவது ஆல்பம் 'வெளியூர்' வந்தபோது நீ பிரமாதம் என்றாய், நான் அவர்கள் கெட்டுப்போய்விட்டார்கள் என்றேன், ஒரு வாரம் பேசாமல் இருந்தோம். இங்கே வந்த பிறகு அது எனக்குப் பிடித்துவிட்டது. ஒப்புக்கொள்கிறேன், நீ சொன்னதுதான் சரி. வெளியூரில் கிடப்பவர்களுக்குத்தான் அது விளங்கும்.

இனி முக்கியமான செய்தி. பொறுக்க முடியாமல் நான் குழுவுக்கே மின்னஞ்சல் போட்டேன். அபி பதில் எழுதினாள்! ஒலியைச் சுத்தம் செய்தவர் அதை இரைச்சல் என்று நினைத்துத் துடைத்துவிட்டாராம். மன்னிப்புக் கேட்டாள். தை மாதம் அதே வீட்டில் பதினைந்தாம் ஆண்டுக் கச்சேரி வைக்கிறார்கள். அன்றைக்கு ஆல்பத்தைப் பெரிய கறுப்பு இசைத்தட்டாகவும் விடுகிறார்களாம். அதில் அம்மாவின் குரலைத் திரும்பச் சேர்த்து, அட்டையில் பெயரும் போடுகிறார்கள். 'குரல்: சின்னத்தாயி.' பழைய பதிவின் மேலேயே சேமித்துவிட்டதால் துடைப்பதற்கு முந்தைய பிரதி அவர்களிடம் இல்லையாம். சிடி கிடைத்தால் போதும் என்கிறாள்.

ஊர்க் கல்யாணத்துக்கெல்லாம் வெந்து, கடைசிப் பந்தியில்கூட உட்காராதவள் என் அம்மா. அவள் பெயர் அச்சில் வருகிறது. இப்போதாவது தேடுவாயா?

ரேணுகா


கண்டனூர்
9 செப்டம்பர் 2025

ரேணுகா,

அம்மா இறந்து நாலு வருடம் ஆகிறது. 2021 வைகாசி. கொரோனா. காரைக்குடியில் சேர்த்து ஆறாம் நாள் பிளாஸ்டிக் சுற்றிக் கொடுத்தார்கள். கூட நாலு பேர்தான் வரலாம் என்றார்கள், மூன்று பேர்தான் இருந்தோம். அதற்குப் பிறகுதான் கடைப் பலகையை மாற்றினேன்.

அன்றைக்கு உன்னைப் போனில் கூப்பிட்டேன். போகவில்லை. தடுத்து வைத்திருக்கிறாய் என்பது தெரியும், தெரிந்தும் கூப்பிட்டேன். வேறு யாரைக் கூப்பிடுவது?

இதை உன்மேல் பழியாக எழுதவில்லை. நீ கேட்டாய், சொன்னேன்.

இன்னொன்று. அட்டையில் அந்தப் பெயரைப் போட வேண்டாம் என்று அபிக்கு எழுதிவிடு. குரலைச் சேர்ப்பதென்றால் சேர்க்கட்டும், பெயர் வேண்டாம். காரணம் கேட்காதே.

பாண்டி


தேஸ்பூர்
20 செப்டம்பர் 2025

பாண்டி,

உன் கடிதத்தைப் பள்ளிக்கூடத்தில் பிரித்தேன். அடுத்த வகுப்புக்குப் போக முடியவில்லை. பக்கத்து அறை வங்காளி டீச்சர் என்ன ஆயிற்று என்று கேட்டாள். அத்தை என்பதை அவளுக்கு எப்படிச் சொல்வது? "ஆன்ட்டி" என்றேன். அவ்வளவுதானா என்பது மாதிரிப் பார்த்தாள்.

அம்மா செத்த பதினாறு நாளும் எனக்குச் சோறு பிசைந்து ஊட்டியவள் அத்தை. "மண்டபத்துல அம்புட்டுப் பேருக்கு ஆக்கிப்போட்ட கை உங்காத்தா கை. அவ மக பட்டினி கெடந்தா எனக்கில்ல கேவலம்?" என்று மிரட்டி மிரட்டி ஊட்டினாள். அவள் போனதே தெரியாமல் நாலு வருடம் இருந்திருக்கிறேன். ஊரில் எனக்கு யார் இருக்கிறார்கள் சொல்வதற்கு என்று நினைத்துப் பார்த்தேன். நீ இருந்தாய். உன்னைத்தான் நான் அடைத்து வைத்திருந்தேன். மன்னித்துக்கொள். இதை எத்தனை தரம் எழுதினாலும் போதாது, அதனால் ஒரு தரம் எழுதுகிறேன்.

ஆனால் பெயர் வேண்டாம் என்கிறாயே, அதை என்னால் விழுங்க முடியவில்லை. அத்தைக்காக அழுதுகொண்டே உன்மேல் கோபமாகவும் இருக்கிறேன், என்ன செய்ய? ஏன் வேண்டாம்? சமையல்காரி பெயர் செட்டியார் வீட்டு இசைத்தட்டில் ஏறக்கூடாதா? அப்படி நினைக்கிறவன் இல்லையே நீ. திருச்சியிலும் இதையேதான் செய்தாய். கச்சேரி முடிந்ததும் செம்மலையிடம் போய், அந்தக் குரல் என் அம்மா என்று நாம் இரண்டு பேரும் சேர்ந்து சொல்ல வேண்டும் என்று ஒரு மாதமாகத் திட்டம் போட்டோம். வாசல் வரை வந்துவிட்டு ஓடினாய். நான் தனியாக வரிசையில் நின்று, என் முறை வந்ததும், "பாட்டெல்லாம் நல்லா இருந்துச்சு" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

என் அம்மா விஷயத்தில் உனக்கு என்னதான் பயம்? இந்தத் தடவை காரணம் கேட்பேன். நீ சொல்லித்தான் ஆக வேண்டும்.

ரேணுகா


கண்டனூர்
2 அக்டோபர் 2025

ரேணுகா,

இன்று கடைக்கு விடுமுறை. காலையிலிருந்து மூன்று தாள் கிழித்துவிட்டேன். இது நாலாவது.

அந்தக் குரல் உன் அம்மா இல்லை. என் அம்மா.

பதிவின் எட்டாம் நாள் உன் அம்மா சிங்கம்புணரிக்குப் போய்விட்டாள், உன் பெரியம்மா பேரனுக்குக் காதுகுத்து. அந்த ஒரு நாளைக்கு என் அம்மாவை அடுப்படியில் விட்டுவிட்டுப் போனாள். அம்மாவுக்குப் பதிவு பற்றி என்ன தெரியும்? இரண்டாங்கட்டில் சிவப்பு லைட் எரிந்தால் வாய் திறக்கக்கூடாது என்று அவளிடம் சொல்ல வேண்டியவன் நான், மறந்துபோனேன். கோழிக் குழம்பு இறக்கியாயிற்று, மணி இரண்டு, ஒருவரும் சாப்பிட வரவில்லை. ஐந்தாவது பாட்டு முடிந்து எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். அப்போதுதான் கத்தினாள்: "ஏய் பாண்டி! சோறு ஆறுது, வாரீகளா இல்லையா?"

நான் செத்தேன் என்று நினைத்தேன். செம்மலை சிரித்துவிட்டு, இது இருக்கட்டும், ஆல்பத்தில் வைத்துக்கொள்கிறோம் என்றார். அம்மா அதை நம்பவில்லை. வேலையைக் கெடுத்துவிட்டோம், சின்னத்தாயி பிழைப்பில் மண் போட்டுவிட்டோம் என்று பயந்து, இது அவள் காதுக்குப் போகவே கூடாது என்று என் தலையில் அடித்துச் சத்தியம் வாங்கினாள். அதனால்தான் உனக்கும் சொல்லவில்லை. உன் அம்மா அந்த ஆல்பத்தைக் கேட்டதே இல்லை. "அவுக பாடுறத அவுக கேட்டுக்குவாக" என்பாள்.

பிறகு 2014. உன் அம்மாவின் கருமாதி முடிந்த மறுநாள் பள்ளிக்கூட மதில்மேல் உட்கார்ந்திருந்தோம். பழைய ஆல்பம் ஓடிக்கொண்டிருந்தது. அந்த இடம் வந்தது, நீ என் கையைப் பிடித்துக்கொண்டு, "பாண்டி, இது எங்கம்மாடா" என்றாய். அத்தனை நாளில் அன்றைக்குத்தான் உன் முகத்தில் ஏதோ வந்தது. நான் ஆமாம் என்றேன். அப்போது எனக்கு அது பெரிய விஷயமாகவே தெரியவில்லை. என் அம்மா வீட்டில் முழுசாக இருந்தாள், காலையிலிருந்து இராத்திரி வரை கத்திக்கொண்டே இருந்தாள். அதில் நாலு நொடியை உனக்குக் கொடுத்தால் என்ன குறைந்துவிடும்?

திருச்சியில் செம்மலை முன்னால் போய் நின்றிருந்தால் அவர் என்னைப் பார்த்துச் சொல்லியிருப்பார், "அது உங்கம்மா ஆச்சே" என்று. உன் முகத்தை அப்போது பார்க்கிற தைரியம் எனக்கு இல்லை. புதுக்கோட்டை பஸ் கிளம்பிக்கொண்டிருந்தது, ஏறிவிட்டேன். கோழைத்தனம்தான்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியுமா? பதினோரு வருடம் மறைத்தேன். அட்டையில் பெயர் வரைக்கும் வந்துவிட்டது. உன் அம்மா பெயர் அச்சில் வர வேண்டாம் என்று நான் நினைப்பேனா? ஆனால் என் அம்மாவிடமும் இப்போது மிச்சம் அதுதான் ரேணு. ஆஸ்பத்திரியில் கடைசி ஆறு நாளும் அவள் குரலை நான் கேட்கவில்லை. வாயில் குழாய் வைத்திருந்தார்கள். சமைத்து வைத்துவிட்டு, சாப்பிட உட்காருவதற்கு முன்னால் தினமும் அந்த ஐந்தாவது பாட்டைத்தான் போடுகிறேன். நீ அங்கே செய்வதைத்தான் நானும் இங்கே செய்துகொண்டிருந்தேன்.

நம்பிக்கை இல்லையென்றால் நல்ல ஹெட்போன் போட்டுக் கேள். கிடார் அடங்குவதற்குள் அடியில் "பாண்டி" என்று இருக்கும். உன் அம்மா என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே கிடையாது. எப்போதும் "மருமகனே"தான்.

சிடி இத்துடன் இருக்கிறது. எனக்கு ஒரு பிரதி எடுத்துக்கொண்டேன். கேட்டு முடித்ததும் அபிக்கு அனுப்பிவிடு. திட்டி எழுதினாலும் எழுது.

பாண்டி


கண்டனூர்
6 நவம்பர் 2025

ரேணுகா,

சிடி வந்து சேர்ந்ததா என்று மட்டும் ஒரு வரி எழுது. தபாலில் உடைந்திருந்தால் என்னிடம் பிரதி இருக்கிறது.

பாண்டி


தேஸ்பூர்
23 நவம்பர் 2025

பாண்டி,

உடையவில்லை. அக்டோபர் பதினான்காம் தேதியே வந்துவிட்டது. எழுத முடியவில்லை.

சிடி ஓட்டும் பெட்டி இந்த ஊரில் கிடைக்காமல் கவுகாத்தியிலிருந்து வரவழைத்தேன். அதற்குப் பத்து நாள். முதல் தடவை கேட்டபோதே "பாண்டி" கேட்டுவிட்டது. இவ்வளவு வருடமாக அது என் காதில் விழுந்திருக்கத்தான் வேண்டும், கிடார் சத்தம் என்று நினைத்துத் தள்ளியிருக்கிறேன். ஊர் விட்டு ஊர் வந்து, கதவைச் சாத்திக்கொண்டு, கண்ணை மூடி நான் கேட்டுக்கொண்டிருந்தது அத்தை உன்னைச் சாப்பிடக் கூப்பிட்டதை.

உன்மேல் மூன்று வாரம் கோபமாக இருந்தேன். பிறகு கோபம் என்மேலே திரும்பிவிட்டது. பெற்ற தாயின் குரல் எனக்குத் தெரியவில்லை, பார். அம்மாவின் குரல் எனக்கு மறந்துவிட்டது பாண்டி. அவள் போன சில நாளிலேயே மறந்திருக்கிறது. மறந்ததால்தான் அத்தையின் குரலை எடுத்து அந்த இடத்தில் வைத்துக்கொள்ள முடிந்தது. இதை யாரிடமும் சொன்னதில்லை. சொல்வதற்கு இங்கே யாரும் இல்லை என்பது வேறு விஷயம்.

அதற்குப் பிறகு வேறு வேலை இல்லாமல் எட்டுப் பாட்டையும் வரிசையாகக் கேட்டேன், ஒவ்வொரு நாளும். அம்மா எங்காவது இருக்கிறாளா என்று தேடினேன். ஒரு இருமல், ஒரு கரண்டிச் சத்தம், எதுவானாலும் போதும் என்று இருந்தது. ஐந்தாவது பாட்டில் எல்லாம் இருக்கிறது. பின்னால் கிணற்று உருளை கிறீச்சிடுகிறது, ஒரு பாத்திரம் விழுகிறது, அம்மிகூட ஓடுகிறது. மற்ற ஏழு பாட்டிலும் ஒன்றுமே இல்லை. ஆறாவது பாட்டு ஆரம்பிப்பதற்கு முன் பதினொரு நொடி சும்மா இருக்கிறது. அதில் ஒரு காக்கைகூட இல்லை.

இது எப்படி? பன்னிரண்டு நாளில் பதினோரு நாள் அங்கே இருந்தவள் என் அம்மா. எட்டுப் பேருக்கு மூன்று வேளை ஆக்கியிருக்கிறாள். ஒரு டம்ளரை வைத்தாலும் தெருவுக்குக் கேட்கிற மாதிரி வைப்பவள் அவள். நீ அங்கே இருந்தாய். இந்தத் தடவை எனக்கு நல்லதாகப் படும் என்று எதையும் சொல்லாதே. நடந்ததைச் சொல்.

ரேணுகா


கண்டனூர்
4 டிசம்பர் 2025

ரேணு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டுச் செட்டியார் வீட்டுக்குப் போனேன். தைக் கச்சேரிக்காக வீட்டைத் திறந்து கூட்டிக்கொண்டிருக்கிறார்கள். அன்றைக்கும் இன்றைக்கும் அங்கே காவலுக்கு இருக்கும் சோணை அண்ணனிடம் சாவி வாங்கிக்கொண்டு மூன்றாங்கட்டுக்குப் போய் நின்றேன். கிணற்றைப் பார்த்ததும் எனக்கு எல்லாம் வந்துவிட்டது. இவ்வளவு நாள் எப்படி மறந்திருந்தேன் என்று தெரியவில்லை. நல்லதாகச் சொல்லவில்லை, சோணை அண்ணன் சாட்சி.

முதல் நாள் காலையில் செம்மலை வந்து உன் அம்மாவிடம், சிவப்பு லைட் எரியும்போது கொஞ்சம் சத்தம் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஒரு தரம்தான் சொன்னார். அபி கூட நின்றாள். உன் அம்மா, "இருக்கட்டும் ஆச்சி, நாங்க பாத்துக்கிறோம்" என்று அபியிடம் மரியாதையாகச் சொல்லிவிட்டுப் புடவைத் தலைப்பைச் செருகிக்கொண்டாள். அவ்வளவுதான்.

கிணற்று உருளையில் பழைய சேலையைக் கிழித்து நனைத்துச் சுற்றிவிட்டாள். காயக் காய நனைப்பாள். அம்மி, ஆட்டுரல் எதையும் அங்கே தொடவில்லை. மசாலாவும் மாவும் உங்கள் வீட்டிலேயே அரைத்துத் தலைச்சுமையாகக் கொண்டுவந்தாள். பாத்திரம் வைக்கிற இடமெல்லாம் சாக்கு விரித்திருந்தது. காக்கை வராமல் இருக்க முற்றத்தில் ஒரு பருக்கை சிந்தவிடவில்லை. கொலுசு போட்டு வந்த காய்கறிக்காரியை, அதைக் கழற்றி இடுப்பில் முடியச் சொன்னாள், அவள் சண்டைக்கு வந்துவிட்டாள். சிங்கம்புணரிக்குப் போன அன்றைக்கு உருளைத் துணியை அவிழ்த்துத் துவைத்துப் போட்டுவிட்டுப் போயிருக்கிறாள். அதனால்தான் அன்றைக்கு மட்டும் உருளை கத்தியது.

பேசுவதுகூடக் கையால்தான். உப்புக்கு ஒரு சைகை, தண்ணீருக்கு ஒரு சைகை. ஒரே ஒரு தரம் பேசினாள். ஸ்பீக்கர் பெட்டியை நான் அடுப்படி வாசலில் தொப்பென்று வைத்துவிட்டேன். கிட்டே வந்து, காதோடு காதாக, "மெல்ல வைங்க மருமகனே, அங்குட்டுப் பாடிக்கிட்டு இருக்காக" என்றாள். அவள் குரல் கொஞ்சம் கட்டையாக இருக்கும். 'மருமகனே'யில் கடைசியில் இழுப்பாள். வெற்றிலை வாசம் வரும். எனக்கு ஞாபகம் இருப்பது இவ்வளவுதான் ரேணு, கூட்டிக் குறைத்து எழுதவில்லை.

அபிக்கு என்ன பதில் சொல்லப் போகிறாய்?

பாண்டி


தேஸ்பூர்
21 டிசம்பர் 2025

பாண்டி,

அபிக்கு எல்லாவற்றையும் எழுதினேன். சிடியையும் அனுப்பிவிட்டேன். அட்டையில் இப்படிப் போடுகிறார்கள், அபி அனுப்பிய படத்தில் இருப்பதை அப்படியே எழுதுகிறேன்:

ஐந்தாம் பாட்டில் குரல்: மீனம்மாள்
மற்ற ஏழு பாட்டிலும் அமைதி: சின்னத்தாயி

அச்சுக்குப் போய்விட்டதாம். இனி நீயே நினைத்தாலும் மாற்ற முடியாது.

இப்போதெல்லாம் நான் ஆறாவது பாட்டைத்தான் போடுகிறேன், அந்தப் பதினொரு நொடிக்காக. சத்தத்தைக் கூட்டி வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். போன வாரம் வங்காளி டீச்சர் வந்து பார்த்துவிட்டு, பெட்டி கெட்டுப்போய்விட்டதா என்று கேட்டாள். ஓடிக்கொண்டுதான் இருக்கிறது என்றேன். நீ எழுதியதை, மெல்ல வைங்க மருமகனே என்பதை, வாய்விட்டு வாசித்தும் பார்த்தேன். என் குரல்தான் கேட்டது. கொஞ்சம் கட்டையாக்கி, கடைசியில் இழுத்துப் பார்த்தேன். வந்த மாதிரியும் இருந்தது, வராத மாதிரியும் இருந்தது. அழுதேன். அதோடு நிறுத்திவிட்டேன்.

தை மாதம் எனக்கு லீவு கிடைக்காது, பொதுத்தேர்வு நெருக்கம். கச்சேரிக்கு மைக்செட் நீதான் என்று அபி சொன்னாள். உன் நம்பரை நேற்றுத் திறந்துவிட்டேன். அன்றைக்கு, பாட்டு ஆரம்பிப்பதற்கு முன்னால் எனக்கு ஒரு போன் போடு. பேச வேண்டாம். மேடைப் பக்கம் கொண்டுபோகவும் வேண்டாம். போனை மூன்றாங்கட்டு அடுப்படியில், அம்மா நின்ற இடத்தில் வைத்துவிட்டு உன் வேலையைப் பார்க்கப் போ. அங்கே நின்றுகொண்டு அவளுக்கு அந்தப் பாட்டெல்லாம் எப்படிக் கேட்டிருக்கும் என்று எனக்குத் தெரிய வேண்டும்.

பயப்படாதே, நான் சத்தம் போட மாட்டேன்.

ரேணுகா